35 வயதில் கம்யூனிட்டி காலேஜில் கிராபிக் டிசைன்: சேரலாமா?

சிவகாசிக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்டில் இருக்கிறேன். இங்கே வந்து 3 வருடம் ஆகிறது, எச்-4 விசா (வீட்டுக்காரரின் எச்-1பி வேலை விசாவோடு துணைவருக்குக் கிடைப்பது). வயது 35. பையன் இந்த ஆகஸ்டில் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறான். பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் படிப்புகள் நடத்தும் உள்ளூர் அரசுக் கல்லூரி) கிராபிக் டிசைன் படிக்கலாமா என்று ஆறு மாதமாக யோசனை. விண்ணப்பப் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாகவே இருக்கிறேன்.

ஏன் இந்தப் படிப்பு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா சிவகாசியில் ஆஃப்செட் பிரஸ்ஸில் மெஷின்மேனாக இருந்தார். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டுமென்று வளர்ந்த தொழில்தான் எங்கள் ஊர் அச்சுத்தொழில். ஆடி 18-க்குக் காலண்டர் ஆல்பம் வெளியாகிவிட்டால் அப்புறம் மார்கழி வரைக்கும் அப்பாவை ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டில் பார்க்க முடியாது. தூக்குவாளியில் சாப்பாடு கொண்டுபோவேன். மை வாசனையும் மெஷின் சத்தமுமாக இருக்கும். அப்பா அப்போதுதான் வந்த ஷீட் ஒன்றை உருவி, மேலே லென்ஸை வைத்து, "பாரு" என்பார். முருகனுடைய முகம் வெறும் புள்ளி புள்ளியாகத் தெரியும். நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. "நாலும் ஒன்னு மேல ஒன்னு உக்காரணும். வேலோட நுனியில மெஜந்தா ஒரு மயிரிழை விலகினாலும் சாமி கண்ணு கலங்கின மாதிரி ஆயிரும்" என்பார்.

நான் பி.காம். முடித்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருடம் ஒரு டிடிபி சென்டரில் வேலை பார்த்தேன். பேஜ்மேக்கர், கோரல் டிரா, பாமினி எழுத்துரு. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, பிட் நோட்டீஸ் என்று நூற்றுக்கணக்கில் செய்திருக்கிறேன். ஒரு பத்திரிகையைப் பார்த்தால் இது நன்றாக இருக்கிறது, இது இல்லை என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சொல்லிக்கொடுக்க அங்கே யாரும் இல்லை. அந்த 'ஏன்' எனக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் படிக்க ஆசைப்படுகிறேன்.

பயம் நிறைய இருக்கிறது. எனக்குப் படம் வரையத் தெரியாது. வகுப்பில் நம் வேலையைச் சுவரில் ஒட்டி எல்லாரும் விமர்சனம் செய்வார்களாமே, அங்கே எழுந்து ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்று நினைத்தாலே தொண்டை வறண்டுவிடுகிறது. கூட உட்காரப்போவது 18 வயதுப் பிள்ளைகள். எச்-4-இல் இருந்தால் வெளிநாட்டு மாணவர் கட்டணமா, உள்ளூர்க் கட்டணமா என்றும் தெளிவாகத் தெரியவில்லை. "எல்லாம் யூடியூபிலேயே இருக்கு, இப்போ ஏஐ வேற படம் போடுது, இதுக்குப் போய்க் காசு கட்டணுமா" என்கிறார் வீட்டுக்காரர். அவர் தடுக்கவில்லை. உண்மையாகவே கேட்கிறார், எனக்குத்தான் பதில் தெரியவில்லை.

இந்த வழியில் போனவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

---

இரவு வகுப்பு எழுதியது:

தங்கச்சி, நீங்கள் நிற்கும் இடத்தில் 2018-இல் நான் நின்றேன். எனக்கு அப்போது 38. இதே பே ஏரியாவில் (சான்ஃபிரான்சிஸ்கோ சுற்றுவட்டாரம்) ஒரு கம்யூனிட்டி காலேஜில் ஒரு பருவத்துக்கு ஒன்று, முடிந்தால் இரண்டு என்று மாலை வகுப்பாக எடுத்து, மூன்றரை வருடத்தில் சான்றிதழ் வாங்கினேன். இப்போது உணவுப் பொட்டலங்களுக்கு லேபிள் அச்சடிக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை செய்கிறேன். நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காசு, ஏனென்றால் அதில்தான் நான் ஏமாந்தேன். கலிஃபோர்னியாவில் உள்ளூர்வாசிக்குக் கட்டணம் ஒரு யூனிட்டுக்கு (வகுப்பின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர். பெரும்பாலான வகுப்பு 3 யூனிட், அதாவது 138 டாலர், அதற்குமேல் சில்லறைக் கட்டணங்கள். (டி ஆன்சா, ஃபுட்ஹில் மாதிரி குவார்ட்டர் முறையில் (வருடத்தை நாலாகப் பிரிப்பது) நடக்கும் கல்லூரிகளில் யூனிட் 31 டாலர். ஆனால் அங்கே யூனிட் எண்ணிக்கை கூடும், கடைசியில் ஏறக்குறைய ஒன்றுதான்.) வெளியார் கட்டணம் இதைப்போலப் பல மடங்கு. எச்-4-இல் இருப்பவர் இங்கே குடியிருப்பவராகக் கணக்கில் வரலாம். பருவம் தொடங்குவதற்கு முந்தைய நாளோடு 1 வருடமும் 1 நாளும் கலிஃபோர்னியாவில் இருந்திருக்க வேண்டும், இங்கேயேதான் இருக்கப்போகிறோம் என்பதற்கும் காகிதம் காட்ட வேண்டும். டிரைவிங் லைசென்ஸ், வீட்டு வாடகை ஒப்பந்தம், வரி தாக்கல் செய்த நகல் எல்லாம் எடுத்து வையுங்கள். என் விண்ணப்பத்தில் விசா என்று பார்த்ததும் என்னை வெளிநாட்டு மாணவர் வரிசையில் போட்டுவிட்டார்கள். பில்லைப் பார்த்துவிட்டு, இது நமக்கு இல்லை என்று ஒரு பருவம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டேன். அப்புறம் ஒருவர் சொல்லி, அட்மிஷன்ஸ் அலுவலகத்துக்கு நேரில் போய் "ரெசிடென்சி" என்று ஒரே சொல்லைச் சொல்லிக் கேட்டேன். காகிதங்களைப் பார்த்தார்கள், மாற்றிவிட்டார்கள். அந்த ஆறு மாதம் போனது போனதுதான். நீங்கள் முதல் நாளே கேளுங்கள். எச்-4-இல் படிக்க எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறவும் தேவையில்லை.

நுழைவுத் தேர்வு கிடையாது. போர்ட்ஃபோலியோ (செய்த வேலைகளின் தொகுப்பு) கேட்க மாட்டார்கள். 18 வயது ஆகியிருந்தால் போதும், கதவு திறந்திருக்கும். இந்தியாவில் மூன்று வருடம் படித்தும் நான் இப்படி ஒரு கல்லூரியைப் பார்த்ததில்லை. என் முதல் வகுப்பில் 19 வயதுப் பையன் ஒருவன், பகலில் லாரி ஓட்டும் ஒருவர், ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா ஒருவர், அப்புறம் நான். வயதைப் பற்றி அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது உங்கள் 'ஏன்'. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

டைபோகிராபி (எழுத்து வடிவக் கலை) வகுப்பில் முதல் நான்கு வாரம் கணினியைத் தொட விடவில்லை. ஒரே ஒரு எழுத்து. ஆங்கிலச் சிறிய எழுத்து 'a', அதைப் போடோனி என்ற எழுத்துருவில் எடுத்து ஒரு முழு தாளுக்குப் பெரிதாக்கி, மேலே டிரேசிங் பேப்பர் வைத்துப் பென்சிலால் வரைய வேண்டும். அப்புறம் அதே எழுத்து காராமாண்ட் எழுத்துருவில். ஒன்றில் தடித்த கோடு சட்டென்று மெல்லிய கோடாகிறது, இன்னொன்றில் மெல்ல மெல்ல இளைக்கிறது. மூன்றாவது வாரம்தான் எனக்கு உறைத்தது: நான் வரைந்துகொண்டிருந்தது கறுப்பை அல்ல, கறுப்புக்கு நடுவில் அடைபட்டிருக்கும் வெள்ளையை. அன்றைக்கு ரயிலில் வீட்டுக்கு வரும்போது ஒவ்வொரு பெயர்ப்பலகையிலும் வெள்ளையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இறுதி வேலைக்கு உங்கள் மொழியின் ஒரு எழுத்தைக் கொண்டுவரலாம் என்றார் ஆசிரியர். நான் 'ழ' எடுத்தேன். அவருக்குத் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. சுவரில் ஒட்டியதும் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "இந்த வால் எதைத் தாங்குகிறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பிறந்ததிலிருந்து எழுதிக்கொண்டிருக்கும் எழுத்து. வீட்டுக்கு வந்து, அம்மா எழுதிய பழைய கடிதங்களை எடுத்து, அவர் கை எப்படி ஓடியிருக்கிறது, கோடு எங்கே வளைகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து மறுபடி வரைந்தேன். பதினோரு முறை. யூடியூபில் எல்லாம் இருக்கிறது, உண்மை. இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் பென் டூலை நானும் அங்கேதான் கற்றேன். ஆனால் என் வேலையைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்க அங்கே ஆள் இல்லை. உங்கள் வீட்டுக்காரருக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

ஆங்கிலம் பற்றிப் பயப்பட வேண்டாம். விமர்சன வகுப்பில் நீளமாகப் பேசுகிறவர்களை ஆசிரியருக்கே பிடிக்காது. நான் முந்தின நாள் இரவே மூன்று வாக்கியம் எழுதி வைத்துக்கொள்வேன்: எதைச் செய்ய நினைத்தேன், எது சரியாக வந்தது, எது வரவில்லை. அதைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். முதல் பருவத்தில் கை நடுங்கியது. இரண்டாவதில் நடுங்கவில்லை. 2020 மார்ச்சில் வகுப்பெல்லாம் ஜூமுக்குப் போனபோது அந்தச் சுவர் இல்லாமல் எனக்கு ஏதோ குறைந்த மாதிரி இருந்தது.

படம் வரைவது: டிசைனுக்கு வேண்டிய வரைதல் வேறு. கையெழுத்து மாதிரி, பழக்கத்தில் வரும். சிறு கட்டங்களில் இருபது முப்பது யோசனைகளைக் கிறுக்கச் சொல்வார்கள், தம்ப்நெயில் என்று பெயர். அழகாக இருக்க வேண்டியதில்லை.

ஏஐ பற்றி என் வேலையை வைத்து மட்டும் சொல்கிறேன். போன வாரம் ஒரு ஊறுகாய் லேபிள். படம் அழகாக வந்துவிடும், அது வேலையில் கால்வாசி. மீதி என்ன? ஊட்டச்சத்து அட்டவணையில் எந்த வரி எந்தத் தடிமனில், எந்த அளவில் வர வேண்டும் என்று எஃப்டிஏ (அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை) விதி இருக்கிறது. பார்கோடுக்கு இரு பக்கமும் வெற்றிடம் விட வேண்டும். ஜாடி வளைவதால் எழுத்து எங்கே மடங்கும் என்று பார்க்க வேண்டும். வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியாமல் இருக்க நான்கு பக்கமும் எட்டில் ஒரு அங்குலம் பிளீட் (வெட்டுக்கோட்டைத் தாண்டி அச்சடிக்கும் ஓரம்) விட வேண்டும். உங்கள் ஊரில் 3 மில்லிமீட்டர் விடுவார்களே, அதுதான். நான் இதையெல்லாம் வேலைக்கு வந்த பிறகு, இரண்டு முறை அச்சுப் பிளேட்டை வீணாக்கிக் கற்றேன். நீங்களோ தூக்குவாளியோடு போன வயதிலேயே நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராத ரெஜிஸ்டர் விலகலை லென்ஸில் பார்த்தவர். என் வகுப்பில் இருபத்துநாலு பேரில் ஒருவருக்கும் அது தெரியாது. அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. சான்றிதழைக் காட்டி எனக்கு வேலை கிடைக்கவில்லை. அதை யாரும் கேட்கவே இல்லை. போர்ட்ஃபோலியோவைத்தான் பார்த்தார்கள், அதிலும் 'ழ' பக்கத்தில்தான் நின்றார்கள். அந்தப் பதினோரு முயற்சிகளையும் வரிசையாக வைத்திருந்தேன்.

முதல் பருவத்தில் 2டி டிசைனும் டைபோகிராபியும் எடுங்கள். மென்பொருள் வகுப்பை முதலில் எடுக்காதீர்கள். உங்களுக்குக் கோரல் டிரா தெரியும், இல்லஸ்ட்ரேட்டர் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும்.

---

பேப்பர் கப்பல் எழுதியது:

மேலே அக்கா சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன், ஒன்றைத் தவிர. மூன்றரை வருடம் என்பதை எல்லாராலும் தாங்க முடியாது. நானும் சேர்ந்தேன். போதிய மாணவர்கள் சேரவில்லை என்று நான் எடுக்க நினைத்த மாலை வகுப்பை இரண்டு முறை கடைசி வாரத்தில் ரத்து செய்தார்கள். அந்த வகுப்பு முடித்தால்தான் அடுத்தது. ஒரு வருடம் காத்திருந்துவிட்டு விலகிவிட்டேன், மீதியை நானாகவே கற்றேன். அதனால் பதிவு செய்யும்போதே எந்த வகுப்பு எந்தப் பருவத்தில் மட்டும் நடக்கிறது என்று துறையில் கேட்டு இரண்டு வருடத்துக்கு அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பகல் நேரம் கிடைக்கிறது, அது பெரிய வசதி.

புதிய மாணவர்களுக்குப் பதிவு கடைசியில்தான் திறக்கும். நல்ல ஆசிரியரின் வகுப்பு நிறைந்திருக்கும். வெயிட்லிஸ்டில் போட்டுவிட்டு முதல் நாள் வகுப்புக்கு நேரில் போய் உட்காருங்கள். ஆட் கோட் (வகுப்பில் சேர ஆசிரியர் தரும் அனுமதி எண்) பெரும்பாலும் அப்படி வந்தவர்களுக்குத்தான் கிடைக்கும்.

அப்புறம் முக்கியமானது. இஏடி (வேலை செய்வதற்கான அனுமதி அட்டை) வரும்வரை காசு வாங்கிக்கொண்டு லோகோ, பத்திரிகை எதுவும் செய்யாதீர்கள், தெரிந்தவர் என்றாலும். கல்லூரிக்குள் லேப் உதவியாளர் வேலைக்கும், சம்பளம் தரும் இன்டர்ன்ஷிப்புக்கும் அதே கதைதான். 2015 மே மாதத்திலிருந்து, எச்-1பி-இல் இருப்பவருக்கு ஐ-140 (கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் மனு) ஒப்புதல் ஆகியிருந்தால் எச்-4 துணைவர் இஏடிக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் நிலை என்ன என்று விசா வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

---

எழுத்துருப் பித்து எழுதியது:

எங்கள் எல்லாரையும் திண்டாட வைத்த ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்கிறேன். பாமினியில் பழகிய கைக்கு யூனிகோடு தமிழை அடோபி மென்பொருள்களில் போட்டதும் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று உடைந்து வரும். எழுத்துருவில் கோளாறு இல்லை. இன்டிசைனில் பாராகிராப் பேனல் மெனுவில் வேர்ல்டு-ரெடி கம்போசரை (எழுத்துகளைச் சேர்த்து வரியாக்கும் அமைப்பு) தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் ப்ரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் இண்டிக் ஆப்ஷன்ஸைக் காட்டச் சொல்லிவிட்டு, பாராகிராப் பேனலில் தெற்காசிய கம்போசருக்கு மாற்றுங்கள். ஃபோட்டோஷாப்பில் வேர்ல்டு-ரெடி லேஅவுட். இதை ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே பாயிண்ட் அளவில் பக்கத்தில் வைத்தால் தமிழ் பெரிதாகவும் கறுத்தும் தெரியும். தமிழைக் கொஞ்சம் குறைத்து வரி இடைவெளியைக் கூட்டிப் பாருங்கள். 'ஞ', 'ணை' மாதிரி அகலமான எழுத்து வரும் தலைப்பில் இடைவெளியைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். பயிற்சிக்கு கூகுள் ஃபான்ட்ஸில் கட்டமரான், முக்தா மலர், பலூ தம்பி, நோட்டோ எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரே சொல்லை நான்கிலும் அடித்து ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்ப்பதே நல்ல பாடம்.

முடிந்தால் ஒரு நாள் சான்ஃபிரான்சிஸ்கோவில் லெட்டர்ஃபார்ம் ஆர்கைவ் போய் வாருங்கள். 2015-இல் திறந்தது. பழைய எழுத்து மாதிரிப் புத்தகங்கள், சுவரொட்டிகள், எமிக்ரே என்ற கிராபிக் டிசைன் இதழின் வேலைகள் எல்லாம் அசலாகவே இருக்கின்றன. ஆன்லைனிலும் நிறையப் படங்கள் இலவசமாகப் பார்க்கலாம். அப்பாவின் லென்ஸை வைத்துப் பார்க்க வேண்டிய தாள்கள் அவை.

பின்னால் பட்டப்படிப்புக்கு மாறும் எண்ணம் வந்தால், எந்த வகுப்பு எந்தப் பல்கலைக்கழகத்தில் செல்லும் என்பதை அசிஸ்ட் தளத்தில் பார்த்துவிட்டு எடுங்கள். சான் ஹோசே ஸ்டேட்டில் கிராபிக் டிசைன் பிஎஃப்ஏவுக்கு (நுண்கலை இளங்கலைப் பட்டம்) போர்ட்ஃபோலியோ பார்த்துத்தான் எடுப்பார்கள்.

---

சிவகாசிக்காரி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாததற்கு மன்னியுங்கள், ஒவ்வொன்றாகச் செய்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

அட்மிஷன்ஸ் அலுவலகத்துக்கு லைசென்ஸ், வாடகை ஒப்பந்தம், வரிக் காகிதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். "ரெசிடென்சி" என்றேன். பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. உள்ளூர்க் கட்டணம்தான். ஐ-140 ஒப்புதல் ஆகியிருக்கிறது, இஏடிக்கு இந்த மாதம் விண்ணப்பிக்கிறோம். அதுவரை யாருக்கும் ஒரு பத்திரிகைகூடச் செய்ய மாட்டேன்.

2டி டிசைன் கிடைத்துவிட்டது, செவ்வாய் வியாழன் காலை. டைபோகிராபி வெயிட்லிஸ்டில் 4-ஆவது இடம். முதல் நாள் போய் உட்காரப்போகிறேன். மூன்று வாக்கியமும் இப்போதே எழுதிப் பார்த்துவிட்டேன் அக்கா, எந்த வேலையும் செய்வதற்கு முன்னாலேயே. வீட்டுக்காரர் 'இந்த வால் எதைத் தாங்குகிறது' என்ற இடத்தைப் படித்துவிட்டு அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் அவரே டிரேசிங் பேப்பர் வாங்கிவந்தார்.

நேற்று அப்பாவிடம் பேசினேன். இங்கே பிளீட் எட்டில் ஒரு அங்குலம் என்றேன். "அது மூணே கால் மில்லிக்குக் கொஞ்சம் கம்மி. நாம மூணுதான் விடுவோம், கட்டிங் ஆளு நல்லவனா இருந்தா ரெண்டே போதும்" என்றார். கண் மங்கிவிட்டதால் லென்ஸ் அவருக்கு இப்போது உபயோகமில்லையாம். ஆவணியில் சித்தி மகன் வருகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன் என்றிருக்கிறார். பித்தளை வளையம் போட்டது, ஒரு ஓரத்தில் மஞ்சள் மை ஒட்டியே இருக்கும்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். பொருள் பட்டியலில் கட்டிங் மேட் (வெட்டும்போது தாளுக்கு அடியில் வைப்பது) என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். 12-க்கு 18 அங்குலம் போதுமா, 18-க்கு 24 வாங்க வேண்டுமா?

---

இரவு வகுப்பு எழுதியது:

18-க்கு 24. சின்னதை வாங்கினால் இரண்டாவது மாதம் மறுபடி கடைக்குப் போவீர்கள். கத்திக்கு மாற்று பிளேடு ஒரு பெட்டியாகவே வாங்கிவிடுங்கள், மழுங்கிய பிளேடுதான் விரலை வெட்டும். 'ழ' எடுத்தாலும் சரி, வேறு எழுத்து எடுத்தாலும் சரி, சுவரில் ஒட்டிய அன்றைக்கு இங்கே படம் போடுங்கள்.